ஒரே பக்கம், இரண்டு சொந்தக்காரர்கள்: எக்ஸ்வி6 கர்னலில் ரேஸைப் பிடிக்கும் வழி

மே மாத சீசனில் ஊட்டியில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி அறைகளுக்குத் தனி ரிஜிஸ்டர் இல்லை. வரவேற்பு மேஜையில் ஒரே ஒரு சீட்டு: "அடுத்த காலி அறை 7". ஏழாம் அறைக்குள் இன்னொரு சீட்டு: "அடுத்தது 12". பன்னிரண்டுக்குள் அதற்கடுத்த எண். அறை கொடுப்பவர் உள்ளே இருக்கும் சீட்டை எடுத்துவந்து மேஜையில் வைக்க வேண்டும். மேஜையில் இரண்டு பேர் இருந்து, இருவரும் ஒரே நேரத்தில் 7 என்று படித்துவிட்டால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்.

எக்ஸ்வி6 என்பது பாடத்துக்காக எழுதப்பட்ட சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் கர்னலில் (மையப் பகுதியில்) மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அலோகேட்டர் அச்சு அசல் இப்படித்தான் வேலை செய்கிறது. 4096 பைட் பக்கங்கள். காலிப் பக்கத்தின் முதல் 8 பைட்டிலேயே அடுத்த காலிப் பக்கத்தின் முகவரி. கே-அலாக் என்ற ஃபங்ஷன் காலிப் பட்டியலின் தலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும், கே-ஃப்ரீ திரும்பி வந்ததைத் தலையில் சேர்க்கும். நடுவில் ஒரே ஒரு ஸ்பின்லாக்: ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, மற்றவர் சுற்றிக்கொண்டே காத்திருப்பார். இப்படி இருவர் ஒரே நேரத்தில் தொட்டு வேலை கெடுவதுதான் ரேஸ் கண்டிஷன். அதைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு மேல், மழையில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. க்யூஇமு (மெய்நிகர் மெஷின்), ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான ஜிசிசி (கம்பைலர்), ஜிடிபி (டீபக்கர்), எக்ஸ்வி6 சோர்ஸ் நான்கையும் முன்பே இறக்கிவையுங்கள். அதற்குப் பிறகு நெட் தேவையே இல்லை. வேலை முழுக்க 128 எம்பி மெமரியுள்ள ஒரு மெய்நிகர் மெஷினுக்குள் முடிந்துவிடும்.

முதலில் பிழையை வரவழையுங்கள். கே-அலாக், கே-ஃப்ரீ இரண்டிலும் லாக்கைப் பிடிக்கும் அக்வயர், விடும் ரிலீஸ் வரிகளை கமென்ட் ஆக்குங்கள். தலையைப் படிக்கும் வரிக்கும் புதிய தலையை எழுதும் வரிக்கும் நடுவில் ஆயிரம் முறை சுற்றும் ஒரு வெற்று லூப்பை வையுங்கள். அதன் எண்ணியை வோலடைல் என்று அறிவிக்காவிட்டால் கம்பைலர் லூப்பைத் தூக்கி எறிந்துவிடலாம். மேக்ஃபைலில் சிபியு எண்ணிக்கை 3 என்று இருக்கும். அப்படியே விட்டு எக்ஸ்வி6-இன் சோதனைத் தொகுப்பான யூசர்டெஸ்ட்ஸை ஓட்டுங்கள்.

இரண்டு விதமான சேதம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கே-அலாக்கில் மோதினால் ஒரே பக்கம் இருவர் கைக்குப் போகும். கொடுக்கும் பக்கத்தை கே-அலாக் 05 என்ற பைட்டால் நிரப்புகிறது. அதனால் முதலில் வாங்கியவர் எழுதிவைத்ததெல்லாம் அழிந்து, அவர் பாயின்டர் (முகவரி) என்று நம்பிப் படிக்கும் இடத்தில் 0505050505050505 நிற்கும். பிழையால் கர்னல் நின்றுபோவதுதான் பேனிக். அப்போது கர்னல்ட்ராப் அச்சிடும் எஸ்டிவால், அதாவது பிழை கிளப்பிய முகவரி, இப்படி இருந்தால் சந்தேகத்தை இங்கே திருப்புங்கள். 01 வரிசையாகத் தெரிந்தால் அது கே-ஃப்ரீ நிரப்பியது: விடுவித்த பக்கத்தை யாரோ இன்னும் படிக்கிறார்கள். கே-ஃப்ரீயில் மோதினாலோ எதுவும் வெடிக்காது. இருவரும் பழைய தலையையே பிடித்துக்கொண்டு தங்கள் பக்கத்தைச் சேர்ப்பார்கள். கடைசியில் எழுதியவருடையது நிற்கும், மற்றது பட்டியலிலிருந்தே காணாமல் போகும். சில காலிப் பக்கங்கள் தொலைந்துவிட்டன என்று யூசர்டெஸ்ட்ஸ் கடைசியில் சொல்வது இதைத்தான்.

சிபியுவை 1 ஆக்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அக்வயர் இன்டரப்டையும் (சிபியுவை நடுவில் இடைமறிக்கும் குறுக்கீட்டையும்) நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டதால், டைமர் இன்டரப்ட் அந்த இரண்டு வரிக்கு நடுவில் வந்து வேறு பிராசஸுக்கு மாறினால் அதே மோதல் ஒரே சிபியுவிலும் நடக்கும். அரிது, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான பகுதி. பேனிக் வந்த இடத்தைத் தோண்டுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. பிழை நடந்தது எப்போதோ. விழுந்தது வேறு எங்கோ. பக்கம் கைமாறும் கணத்திலேயே பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு இன்டிஜர் என 32768 இன்டிஜர் கொண்ட அர்ரே ஒன்றை வையுங்கள். 128 கேபி ஆகும். பைட் அர்ரே வைத்தால் இடம் மிச்சம்தான். ஆனால் ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை அணுச் செயல்கள் (நடுவில் வேறு யாரும் புக முடியாதவை) 4, 8 பைட்டில்தான் நடக்கும், அதனால் இன்டிஜரே போதும். முகவரியில் ஹெக்ஸ் 80000000-ஐக் கழித்து 4096-ஆல் வகுத்தால் வரிசை எண் கிடைக்கும். 1 என்றால் ஆள் இருக்கிறது, 0 என்றால் காலி.

கே-அலாக்கில் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்த பின் அணு மாற்றுச் செயலால் 1 எழுதுங்கள். பழைய மதிப்பும் 1 என்றால் அங்கேயே பேனிக். கே-ஃப்ரீயில் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் 0 எழுதுங்கள். பழையதும் 0 என்றால் இரட்டை ஃப்ரீ, அதாவது ஒரே பக்கம் இருமுறை விடுவிக்கப்பட்டிருக்கிறது. இந்த முன், பின் வரிசை மாறக்கூடாது. சேர்த்த பிறகு 0 எழுதினால், இடையில் இன்னொரு சிபியு அதே பக்கத்தை நியாயமாகவே வாங்கி 1-ஐப் பார்த்து வீணாகப் பேனிக் அடிக்கும். பூட் ஆகும்போது எல்லாப் பக்கமும் கே-ஃப்ரீ வழியாகத்தான் உள்ளே வருகின்றன, ஆகவே அதற்கு முன்பே அர்ரே முழுக்க 1 ஆக்கிவிடுங்கள்.

லாக்கைத் திரும்பப் போட்டு இந்தக் காவலோடு யூசர்டெஸ்ட்ஸ் சுத்தமாக ஓடினால், சிபியுவுக்கு ஒரு காலிப் பட்டியல், ஒரு லாக் என்று பிரிக்கலாம். புதிய ரேஸ் இங்கேதான் நுழையும். சிபியு எண்ணைக் கேட்பதற்கு முன் புஷ்-ஆஃப் போட்டு இன்டரப்டை நிறுத்துங்கள். வேலை முடிந்த பிறகே பாப்-ஆஃப். இல்லாவிட்டால் எண்ணைப் படித்த கையோடு பிராசஸ் வேறு சிபியுவுக்கு நகர்ந்துவிடும். லாக் இருப்பதால் பட்டியல் கெடாது, ஆனால் பக்கங்கள் அடுத்தவர் பட்டியலில் போய்ச் சேரும். தன் பட்டியல் தீர்ந்து அடுத்தவரிடம் எடுக்கும்போது, தன் லாக்கை விட்டுவிட்டுத்தான் அடுத்த லாக்கைத் தொட வேண்டும். சிபியு 0 தன் லாக்கைப் பிடித்தபடி சிபியு 1-இன் லாக்கைக் கேட்க, சிபியு 1 தன்னுடையதைப் பிடித்தபடி சிபியு 0-இன் லாக்கைக் கேட்டால் திரை அப்படியே உறைந்துவிடும். பேனிக் செய்தி கூட வராது. அப்போது ஜிடிபியை இணைத்து எல்லா த்ரெட்டின் நிலையையும் பாருங்கள்: இரண்டு சிபியு அக்வயர் லூப்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சிபியு 1, 2, 3, 8 என்று மாற்றி ஒவ்வொன்றிலும் பத்து முறையாவது ஓட்டுங்கள். இரண்டு கோர் லேப்டாப்பில் 8 சிபியு ஓட்டுவது வீண் வேலை இல்லை. நடுவழியில் நிறுத்தப்படும் சிபியுக்கள்தான் குறுகிய இடைவெளியை அகலமாக்குகின்றன. கரண்ட் போய் பேட்டரியில் ஓடினாலும் நேரக்கணக்கு மாறும், சார்ஜரில் வந்த பிழை மறையலாம்.

லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. டேட்டா ரேஸ் பிடிக்கும் கருவியான கேசிசான் 5.8 பதிப்பிலிருந்து கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் எம்எம் ஃபோல்டரின் மேக்ஃபைல், லினக்ஸின் அலோகேட்டர்களான ஸ்லப், பேஜ்-அலாக் இரண்டையும் அதன் கண்காணிப்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. அலோகேட்டரையே ஆராய்வதானால் அந்த வரிகளை எடுத்துவிட்டு பில்ட் செய்யுங்கள். ஒரே மெமரி வேர்டின் வெவ்வேறு பிட்களைத் தொடும் தீங்கற்ற புகார்கள் நிறைய வரும், பொறுமையாகச் சலிக்க வேண்டும். மெமரியைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் கேசானும் கேசிசானும் ஒரே பில்டில் சேராது. இரண்டு பில்ட், இரண்டு தனி ஃபோல்டர்.