படிக்கத் தெரியாத மொழியில் பச்சை குத்தப் போகிறீர்களா?

பினாங்கில், லெபோ சூலியா பக்கம், பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறேன். இப்போது வரும் தம்பி தங்கைகளில் பலருக்குக் கொரிய எழுத்துதான் வேண்டும். குத்திக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஊசி படுவதற்கு முன்னால் சில வேலைகளை மட்டும் முடித்துவிடுங்கள்.

கூகுள் மொழிபெயர்த்துக் கொடுத்ததோடு நேராகக் கடைக்கு வராதீர்கள். அந்த மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள். “சரியா இருக்கா?” என்று கேட்டால் உங்கள் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டிவிடுவார். நீங்கள் நினைத்த பொருளைச் சொல்லாமல், “வாய்விட்டுப் படிங்க, என்ன புரியுது?” என்று கேளுங்கள். சீனம் என்றால் கவலையே இல்லை, பக்கத்துக் கோப்பிக் கடையிலேயே வேலை முடிந்துவிடும். சாக் யந்த் எனும் தாய்லாந்து மந்திரப் பச்சை கேட்பவர்கள் கவனிக்கவும்: அதில் இருப்பது பெரும்பாலும் பழைய கெமர் எழுத்து. தாய்லாந்து மொழி படிப்பவருக்கும் அது புரியாமல் போகலாம்.

அப்புறம் ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி எடுக்கும் ஊதா வரைவு. இங்கேதான் அவசரப்படக் கூடாது. கொரிய மொழியில் நிமிர்ந்த கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சிறு கோடு இழுத்தால் ‘ஆ’; அதையே இடப்பக்கம் இழுத்தால் வேறொரு உயிரெழுத்து. ஸ்டென்சில் இடம் வலமாகத் திரும்பிவிட்டாலும் பார்வைக்குக் கொரிய எழுத்தாகவே இருக்கும், தெரியாதவர் கண்ணுக்குச் சிக்காது. கண்ணாடியிலோ செல்ஃபியிலோ பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். இரண்டும் திருப்பிக் காட்டக்கூடியவை. கூட வந்தவரைப் பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லி, படித்துக் காட்டியவருக்கே அனுப்புங்கள். பதில் வரும் வரை உட்கார்ந்திருங்கள். ஊதாக் கோடுதானே, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். மறுபடி ஒட்டச் சொன்னால் முகம் சுளிக்கிறவரிடம் கையை நீட்டாதீர்கள்.

அரபு எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றால் பெரும்பாலும் சாப்ட்வேர் உடைத்துவிட்டது என்று அர்த்தம். தமிழுக்கும் அதே கதிதான். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் கொண்டுவரும் படங்களில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் அந்த மொழி தெரிந்தவரிடமே டைப் செய்து, படமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

பொடி எழுத்து வேண்டாம். வருஷம் போகப் போக மை தோலுக்குள் பரவும். கட்டத்துக்குள் அடைபட்ட கோடுகள் ஒன்றாகிவிடும். ஓர் எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நான் குத்துவதில்லை.

ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதுவரை பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போய்த் தண்ணீரில் இறங்காதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டவர்கள், அதை முடித்துவிட்டே வாருங்கள்.