சாப்பிட்ட வட்டலைக் கழுவினதும் பத்து நிமிஷம்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் சர்க்கரை, சோறு, பலகாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெடியால அஞ்சு மணிக்கு எழுந்து ஓடவும் செய்தார்கள். ஷிப்மெண்ட் நெருக்கி ரெண்டு ராத்திரி ஓவர்டைம் வந்ததும் அத்தனையும் நின்றது. நானும் அப்படி விட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை ஒன்றை மட்டும் மாற்றினேன், அது நிலைத்தது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. மூன்று நாள் எழுதுங்கள்
எதையும் மாற்ற வேண்டாம். வாயில் போவதையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். எனக்கு வந்த விடை டீ. நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம் என்றால் டீயில் மட்டும் 32 கிராம். நாள் முழுதுக்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2. அரை ஸ்பூன் மட்டும் குறையுங்கள்
"ஏனுங்ண்ணா, எனக்குச் சக்கரை கொஞ்சம் கம்மியாப் போடுங்."
"சுகருங்களா?"
"இல்லீங், வந்துரக் கூடாதுன்னுதானுங்."

முதல் வாரம் டீ சப்பென்றுதான் இருக்கும். ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதன்பிறகு அடுத்த அரை ஸ்பூன். முன்பெல்லாம் டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரற்கடை நிற்கும், அதையும் ஆட்டிக் குடிப்பேன். இப்போது அந்த டீ தொண்டையில் இறங்குவதில்லை.

3. நடையை வட்டலோடு கட்டுங்கள்
"நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்றால் நேரம் கிடைக்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துவிட வேண்டும். சாப்பிட்ட வட்டலைக் கழுவிக் கவிழ்த்ததும் நான் செருப்பை மாட்டிவிடுவேன். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால், ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்ளும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது பரிந்துரை. மதியமும் ராத்திரியும் பத்துப் பத்து நிமிஷம் என்றால் 140 ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நடந்து போனால் கணக்கு நிறைந்துவிடும்.

4. சேர்க்காதீர்கள், மாற்றுங்கள்
கம்பும் ராகியும் நம்ம ஊர்ச் சாப்பாடு, நல்லதுதான். ஆனால் சோறும் தின்று களியும் தின்றால் மாவுச்சத்துதான் கூடும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பு வையுங்கள், பசி தாங்கும்.

5. நோம்பி, பண்டிகை நாளை முன்கூட்டியே யோசியுங்கள்
ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள் வந்தால் கச்சாயம், ஒப்புட்டு என்று இனிப்புப் பலகாரம் உண்டு. சாப்பிடுங்கள். மறுநாள் வட்டல் கழுவினதும் நடந்துவிட வேண்டும், அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு அதுதான் பெரிய தைரியம்.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள், உடம்பு லேசாகிவிட்டது என்று தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். சாப்பாட்டைக் குறைக்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.