கொழும்பில் சுழியோடத் தொடங்குபவர்களுக்கு: முதல் பிசிடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓபன் வோட்டர் எனும் முதல் நிலைச் சுழியோடற் பயிற்சியை முடித்த கையோடு பலரும் கேட்பது, "எந்த பிசிடி வாங்கலாம்?" என்றுதான். நம் கடலுக்குச் சிறியது போதும். ஆனால் உங்கள் உடம்புக்கு அது சரியாகப் பொருந்த வேண்டும். எத்தனை பை, எத்தனை வளையம், என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிசிடி என்பது சிலிண்டரை முதுகில் தாங்கும் மேலங்கி. அதற்குள் ஒரு காற்றுப்பை. இடது தோளில் தொங்கும் குழாயின் ஒரு பொத்தானை அழுத்தினால் சிலிண்டரின் காற்று பைக்குள் போகும்; குழாயை உயர்த்திப் பிடித்து மற்றப் பொத்தானை அழுத்தினால் வெளியே வரும். இதை உயிர்காப்பு அங்கி என்று எண்ண வேண்டாம். மயங்கியவரின் முகத்தை நிமிர்த்தி வைக்கும் என்ற உத்தரவாதம் இதற்குக் கிடையாது.

படி 1: எங்கே இறங்கப் போகிறீர்கள்?

கொழும்பு, கல்கிசை, நீர்கொழும்புப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் நன்றாக இருக்கும். பிறகு காற்று மாறும்; எல்லோரும் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போவார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் சூடானது, 27 முதல் 30 பாகை. தடித்த வெட்சூட் (நீரில் உடற்சூட்டைக் காக்கும் உடை) தேவையில்லை. 3 மில்லிமீற்றர் போதும். சூட் மெல்லியது என்றால் அமிழ்வதற்காகக் கட்டும் ஈயமும் குறைவு, தேவைப்படும் காற்றுப்பையும் சிறியது. குளிர்நாட்டுக்காரர் எழுதும் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருக்கலாம். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. ஓபன் வோட்டர் சான்றிதழின் எல்லை 18 மீற்றர். அந்த ஆழத்துக்கான சாதனத்தை இப்போதே வாங்கிச் சுமக்க வேண்டாம்.

படி 2: மிதப்புத் திறனைக் கணக்கிடுங்கள்

மிதப்புத் திறன் என்பது ஊதிய பை எத்தனை கிலோவை மிதக்கவைக்கும் என்பது. கூடுதல் மிதப்பு என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று கடையில் சொல்வார்கள். நீங்களே கூட்டிப் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்தால் உள்ளே இருப்பது, வெளியே சாதாரண அழுத்தத்தில் 2400 லீற்றர் இடம்பிடிக்கும் காற்று. அதன் எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இறங்கும்போது அந்த எடை உங்களோடு இருக்கும்; ஏறும்போது அநேகமாகத் தீர்ந்திருக்கும். மெல்லிய சூட் ஆழத்தில் நசுங்கி இழக்கும் மிதப்பு இன்னும் ஒன்றிரண்டு கிலோ. ஆக, நீருக்கடியில் பை ஈடுசெய்ய வேண்டியது 5 கிலோ அளவுதான். மேற்பரப்பில் தலையை வெளியே வைத்துக் காத்திருக்கவும், ஈயத்தோடு கழற்றிவிட்டால் அங்கி தானே மிதக்கவும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எல்லாம் சேர்த்து 12 முதல் 15 கிலோ மிதப்புத் திறன் ஒற்றைச் சிலிண்டருக்குத் தாராளம்.

பெரிய பையால் தீமையும் உண்டு. 10 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. அங்கே பையில் 4 லீற்றர் காற்று இருந்தால், மேலே வரும்போது அது 8 லீற்றராகும். ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றாவிட்டால் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். தொளதொளவென்ற பையில் காற்று மூலைகளில் ஒதுங்கிக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் வால்வை இழுத்தாலும் முழுவதும் வராது.

படி 3: வடிவம்

தொடக்கநிலையினருக்கு இரண்டே வடிவங்கள் போதும். ஜக்கெட் வகையில் காற்று இடுப்பைச் சுற்றியும் நிரம்பும். தண்ணீர் மேல் நிமிர்ந்து நிற்கச் சுகம், பயிற்சியில் பழகியதும் அதுவாகவே இருக்கும். முதுகுப்பை வகையில் காற்று பின்னால் மட்டும். நீருக்கடியில் படுத்த வாக்கில் நீந்த அருமை, ஆனால் மேற்பரப்பில் அளவுக்கு மீறி ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு போன்ற ஆழம் குறைந்த இடங்களில் காலைத் தொங்கவிட்டு நீந்துபவர்களின் துடுப்புப் பட்டுப் பவளப்பாறை உடைவதைப் பார்க்கச் சகிக்காது. 2003 முதல் அது தேசியப் பூங்கா.

படி 4: போட்டுப் பார்த்தே வாங்குங்கள்

கனடாவிலிருந்து சித்தப்பா வரும்போது கொண்டுவருவார் என்று அளவைச் சொல்லி அனுப்புவதுதான் நம்மவர் வழக்கம். ஒரு கம்பனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மோலாக இருக்கும். முதலில் டைவ் சென்டரில் அதே மொடலை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

கடலில் அணியும் உடையோடு மாட்டி, எல்லாப் பட்டிகளையும் இறுக்கி, பை நிரம்பும்வரை ஊதுங்கள். நெஞ்சு நெரிந்து மூச்சு முட்டினால் சிறியது. யாரையாவது தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் பெரியது. தோள்பட்டிகளைக் கடைசிவரை இழுத்தும் தளர்வாக இருந்தாலும் அது உங்கள் அளவல்ல. இனிக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் உள்ள வால்வையும் இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வையும் கையால் தேடுங்கள். தடவித் திரிய வேண்டியிருந்தால் வேறு பாருங்கள். ஈயப்பை இருந்தால் அதை ஒரு கையால் கழற்றியும் பாருங்கள். பெண்களுக்கான வெட்டு தனியே வருகிறது. தோள் ஒடுங்கியவர்கள் அதைத் தவறாமல் கேளுங்கள்.

படி 5: பழையது வாங்கினால்

முழுதாக ஊதி ஓர் இரவு வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். வால்விலிருந்து வந்தால் திருத்தலாம். பையின் தையலிலிருந்து வந்தால் வாங்காதீர்கள். ஊதும் பொத்தானைப் பல முறை அழுத்தி விடுங்கள். விட்ட பின்னும் காற்று சீறினால் அதைச் சர்வீஸ் செய்யாமல் கடலுக்குக் கொண்டுபோகவே கூடாது. சிலிண்டர்ப் பக்கத்திலிருந்து அங்கிக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், சில மொடல்களின் இணைப்பு வேறு மாதிரி.

படி 6: முதல் இறக்கத்துக்கு முன்

சிலிண்டரைக் கட்டும் பட்டியை நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்த பட்டி நீரில் ஊறினால் தளரும். பிறகு நீச்சல் குளத்தில், சிலிண்டரில் 50 பார் அளவு காற்று மிச்சமிருக்கும்போது, பையை முழுக்க வெறுமையாக்கி நிமிர்ந்து நில்லுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து வைத்திருக்கையில் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். அதுவரை ஈயத்தை ஒவ்வொரு கிலோவாகக் கூட்டிக் குறையுங்கள். கடல்நீருக்கு மேலும் 2 கிலோ அளவு தேவைப்படும். கல்கிசையில் முதல் இறக்கத்தின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அளவு மிச்சமிருக்கும்போது, இதே சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.