ரெய்ட் 1 மேல் ஸ்வாப் அமைப்பது எப்படி?

ரூட் பார்ட்டிஷனை ரெய்ட் 1-ல் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) வைப்பவர்கள்கூட ஸ்வாப்பை (மெமரி போதாதபோது அதன் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடம்) ஒற்றை டிஸ்க்கில் விட்டுவிடுகிறார்கள். தற்காலிக டேட்டாதானே என்ற நினைப்பு. அந்த டிஸ்க் போனால், ஸ்வாப்புக்குப் போன தன் பக்கத்தைத் திரும்பக் கேட்கும் புரோகிராம் அந்த இடத்திலேயே சாகும். அது டேட்டாபேஸாகவும் இருக்கலாம்.

வேகத்துக்காக ரெய்ட் 0 (டேட்டாவை டிஸ்க்குகளுக்கிடையே பிரித்து எழுதும் முறை) போடாதீர்கள். வேகம் மட்டும் போதுமென்றால், டிஸ்க்குக்கு ஒரு தனி ஸ்வாப் வைத்து இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண் கொடுத்தால் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளும்.

இங்கே டெபியன் லினக்ஸ், இரண்டு டிஸ்க், ஆளுக்கு 4 ஜிபி பார்ட்டிஷன்: எஸ்டிஏ2, எஸ்டிபி2. எல்லாம் ரூட் யூசராக.

முதலில் ‘ஸ்வாப்ஆஃப் -ஏ’. பழைய ஸ்வாப் ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் எம்டிஏடிஎம் கட்டளை ‘பிஸி’ என்று மறுத்துவிடும். எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட்டின்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) உள்ள பழைய ஸ்வாப் வரியையும் நீக்குங்கள். பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிடிஸ்க் கருவியில் இரண்டு பார்ட்டிஷனின் வகையையும் எஃப்டி00 (லினக்ஸ் ரெய்ட்) ஆக்குங்கள்.

அடுத்து, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையால் அரே (இரண்டு பார்ட்டிஷனும் சேர்ந்த ரெய்ட் தொகுதி):

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி1 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 /டெவ்/எஸ்டிஏ2 /டெவ்/எஸ்டிபி2

பூட் செய்ய இது ஏற்றதல்ல என்று ஒரு எச்சரிக்கை வரலாம். ஸ்வாப்புக்கு அது பொருட்டல்ல, ‘ஒய்’ அடியுங்கள். சிங்க் (இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்கும் வேலை) முடியக் காத்திருக்க வேண்டாம்.

‘எம்கேஸ்வாப் /டெவ்/எம்டி1’ கொடுத்தால் ஒரு யூயூஐடி (அந்த ஸ்வாப்புக்கே உரிய அடையாள எண்) காட்டும். எஃப்எஸ்டேப்பில் எம்டி1 என்ற பெயரைப் போடாமல் அந்த யூயூஐடியைப் போடுங்கள். பிறகு ‘ஸ்வாப்ஆன் -ஏ’. ‘ஸ்வாப்ஆன் --ஷோ’ பட்டியலில் எம்டி1 வர வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். ‘எம்டிஏடிஎம் --டீடெயில் --ஸ்கேன்’ காட்டும் புது அரேயின் வரியை எம்டிஏடிஎம்.கான்ஃப் ஃபைலில் சேர்த்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டுங்கள்; இது இனிட்ராம்எஃப்எஸ்ஸை, அதாவது பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பைப் புதுப்பிக்கும். இதை விட்டால் ரீபூட்டுக்குப் பின் எம்டி1 எம்டி127 ஆகிவிடலாம். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் டைரக்டரியில் உள்ள ‘ரெஸ்யூம்’ ஃபைலில் (ஹைபர்னேட்டிலிருந்து மீள எந்த ஸ்வாப்பைப் பார்ப்பது என்று சொல்வது) பழைய ஸ்வாப்பின் யூயூஐடி கிடந்தால், இல்லாத அதைத் தேடி பூட் தாமதமாகும். அதையும் மாற்றிவிட்டே இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

சிங்க் முடியுமுன் ரீபூட் செய்தீர்களா? அரேக்களின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டேட் ஃபைலில் ‘ஆட்டோ-ரீட்-ஒன்லி’, ‘பெண்டிங்’ என்று தெரியும். பழுதில்லை, முதல் எழுத்துக்காக அரே காத்திருக்கிறது. ‘எம்டிஏடிஎம் --ரீட்ரைட் /டெவ்/எம்டி1’ கொடுத்தால் சிங்க் தொடரும். மாதாந்தர சோதனைக்குப் பின் இந்த அரேயில் ‘மிஸ்மேட்ச்’ எண் (இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாக இல்லாத இடங்களின் கணக்கு) பூஜ்ஜியமாக இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். இரண்டு டிஸ்க்கிலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெமரிப் பக்கம் மாறினால் இப்படி வரும். அந்தப் பக்கத்தை கெர்னல் பெரும்பாலும் திரும்பப் படிப்பதே இல்லை.

சிங்க் முடிந்ததும் சோதித்தே ஆகவேண்டும். ‘எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி1 --ஃபெயில் /டெவ்/எஸ்டிபி2’ கொடுங்கள். எம்டிஸ்டேட்டில் இரண்டு யூ எழுத்துகளில் ஒன்று அடிக்கோடாக மாறும், ஸ்வாப் நிற்காது. பிறகு ‘--ரிமூவ்’, ‘--ஆட்’ கொடுத்து, இரண்டாவது யூ திரும்பி வரும்வரை பாருங்கள்.