வாசலில் நாலு கட்டப் பூந்தோட்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்டேட் வீட்டை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்வாசலில் 10 அடிக்கு 12 அடி மண் கிடைத்தாலே பெரிசு. அதற்குள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற பூந்தோட்டம் தாராளமாக அமையும்.

முதலில் கதவுக்குள் நின்று வெளியே பாருங்கள். கேட் எங்கே இருந்தாலும் சரி, நடுக்கோடு கதவின் மையத்திலிருந்துதான் போக வேண்டும். ஆப்பு அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, அந்த இரண்டு குறிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை சரியான செங்கோணமாக இருக்கிறது என்று அர்த்தம். அரை அங்குலம் பிசகினாலும் செடி வளர்ந்த பிறகு கண்ணை உறுத்தும், அதனால் இதில் அவசரமே வேண்டாம்.

நடுவில் துளசி மாடம், குறுக்கும் நெடுக்கும் 2 அடி நடைபாதை, சுற்றி நாலு பாத்தி, அவ்வளவுதான்.

வேலிக்குக் குட்டை வெட்சிதான் என் தேர்வு. அதை 1 அடி இடைவெளியில், சிமெண்டிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள், ஏனென்றால் சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கினால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகிவிடும். வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும், அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் படும். நுனியில்தான் பூக்கும் என்பதால், பூ வாடிய பிறகு கத்தரியுங்கள்.

அப்புறம், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசு வந்துவிடும்.