பற்பசை சவர்க்காரம் அன்று: பல் தீட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கிணற்றடியில் நின்று வாய் நிறைய நுரை தள்ளப் பல் தீட்டிய பின், வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தால்தான் வாய் சுத்தமானது என்ற நிறைவு நம்மில் பலருக்கு வருகிறது. கல்லடியானாலும் களுவாஞ்சிக்குடியானாலும் அக்கரைப்பற்றானாலும் இதுவே பழக்கம். பற்பசை தொடர்பான தவறுகளுள் முதன்மையானது இந்தக் கொப்பளிப்புத்தான் என்பேன். பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஒரு மருந்தை நாம் சவர்க்காரம்போல் கழுவி ஊற்றுகிறோம்.

பல்லில் படியும் அழுக்குப் படலத்தைப் பெரும்பாலும் அகற்றுவது தூரிகையின் நார்களே. நுரை கூடியதால் சுத்தம் கூடிவிடாது. பற்பசையின் சிறப்பான பங்கு அதிலுள்ள புளோரைட்டினால் கிடைப்பது. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் கடினமான மேற்படையான மிளிரியிலிருந்து (எனாமல்) கல்சியத்தையும் பொசுபேற்றையும் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கிறது. புளோரைட்டு உடனிருந்தால் அந்தச் சேர்க்கை விரைவதோடு, புதிதாகச் சேரும் படிவு அமிலத்துக்கு முன்னையதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே இரண்டு நிமிடம் தீட்டியதும் நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விடுவதே நல்லது. முதல் சில நாட்கள் ஒருமாதிரியாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இரவில் சீனி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு அப்படியே படுப்பது இன்னொரு தவறு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், படுக்குமுன் தீட்டுவதுதான் கூடுதல் பயன் தரும். தேசிக்காய்த் தண்ணீரோ சோடாவோ குடித்த உடனே தீட்டுவதும் கூடாது. அமிலத்தால் இளகிய மிளிரி தேய்ந்துவிடும் என்பதால் அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

வெற்றிலைக் கறையைப் போக்க உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் என்று தேய்த்த காலம் போய், இப்போது கரி கலந்த பற்பசைகள் கடைக்கு வந்திருக்கின்றன. பொதி மாறினாலும் உராய்வு மாறவில்லை. தேய்ந்த மிளிரி மீண்டும் வளராது. அதன் கீழுள்ள மஞ்சள் நிறப் பகுதி தெரியத் தொடங்குவதால், வெண்மைக்காகத் தேய்த்த பல்லே மஞ்சளாகிவிடுகிறது. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்குபவை; அவற்றின் மணத்தைப் பற்பசை மறைக்குமே தவிரத் தீங்கைத் தடுக்காது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பற்கூச்சத்துக்கான பற்பசையைப் பூசிக்கொண்டு சூத்தைப் பல்லை மாதக்கணக்கில் பொறுத்திருப்பதும் இதே வகைத் தவறுதான்.

விளம்பரங்களில் காட்டுவதுபோல் தூரிகை நீளத்துக்குப் பசையைப் பிழிந்து பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். நிலையான பற்கள் உருவாகும் வயதில் புளோரைட்டை அதிகம் விழுங்கினால் அப்பற்களில் வெண்திட்டுகள் தோன்றும். கிணற்று நீரிலேயே புளோரைட்டு கூடிய, இலங்கையின் வறண்ட வலயப் பகுதிகளில் இதில் கூடுதல் கவனம் தேவை.

கடையில் டியூப்பின் அடியிலுள்ள பச்சை, கறுப்புக் கட்டங்களைப் பார்த்து மூலிகையா இரசாயனமா என்று ஆராய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது டியூப்பை வெட்டி ஒட்டும் இயந்திரத்துக்கான குறி மட்டுமே. பெரியவர்களுக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது புளோரைட்டின் அளவு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை உள்ளதா என்பதைத்தான்.