யார் டூட்டி என்று கேட்காதீர்கள்: முதியோர் இல்லங்களில் தர மேம்பாடு தடம் மாறும் இடங்கள்

கோவைப் புறநகரில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் தர மேம்பாட்டுப் பொறுப்பை நான் ஏற்ற முதல் நாள், மேசைமேல் ஒரு தடித்த கோப்பை வைத்தார்கள். கழிவறைத் தரை உலர்ந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்த்து டிக் போட வேண்டிய தாள் ஒன்று அதில் இருந்தது. மாதக் கடைசி நாள் வரைக்கும் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்திருந்தது. அன்றைக்குத் தேதி 22.

எழுதிய ஆயாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஷிஃப்டில் பதினைந்து பேரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பிட வைப்பவரிடம் அந்தத் தாளையும் கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்டுவதற்காகக் கோப்பு சேர்ப்பதையே தரத் திட்டம் என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்குத் தர உறுதிப்பாடும் செயல்திறன் மேம்பாடும் சேர்ந்த ஒரு திட்டம் வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் சொன்னது. 2016இல் விதிகள் வந்தன. 2019 நவம்பரில்தான் அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அந்தத் திட்டத்தில் ஐந்து கூறுகள் உண்டு. திட்டத்தின் வடிவமும் வரம்பும் ஒன்று, நிர்வாகத் தலைமை ஒன்று. தகவல் திரட்டிக் கண்காணிப்பது, மேம்பாட்டுப் பணிகளைச் செய்து பார்ப்பது, காரணத்தை ஆராய்ந்து முறையையே மாற்றுவது ஆகியவை மற்ற மூன்று. மருத்துவமனைப் படிவங்களை நகலெடுத்துத் தொடங்கும் இல்லம் கண்காணிப்பில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. ஒரு முதியவர் விழுந்தார் என்ற செய்தி வந்ததும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, ‘யார் டூட்டி?’

ஒரு பாட்டியின் முழங்கையில் கன்றிப்போன காயத்தைக் காலையில் நர்ஸ் பார்த்தார். கட்டிலில் இடித்துக்கொண்டார் என்று இரவுப் பணியில் இருந்த ஆயா சொன்னார். கமோடிலிருந்து வழுக்கி விழுந்தார் என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முந்தைய மாதம் இதேபோல் ஒரு வீழ்ச்சியைச் சொன்ன இன்னொரு ஆயாவுக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? அந்த நான்கு நாளும் பாட்டியைத் தலைக்காயத்துக்காக யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உயிரைப் பறிக்கும் வீழ்ச்சிகள் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கே அதிகம்.

சம்பளப் பிடித்தத்தை நிறுத்தினோம். அடுத்த மாதமே வீழ்ச்சிக் கணக்கு ஏறியது. இந்த இடத்தில்தான் பல இல்லங்களில் திட்டத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஏறியது வீழ்ச்சி இல்லை, வீழ்ச்சியைச் சொல்பவர்களின் எண்ணிக்கை. தொடங்குவதற்கு முன்பே நிர்வாகியிடமும் முதியவர்களின் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

இனி, காரணம் தேடாமல் தீர்வுக்குத் தாவுவது. டைல்ஸ் வழுக்குகிறது, மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், விலைப்பட்டியல்கூட வாங்கியாயிற்று. விழுந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது பெரும்பாலானவை இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இருந்தன. பகலிலும் அதே டைல்ஸ்தானே? இரவுப் பணி ஆயாவைக் கேட்டோம். எட்டு மணி மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்பக் கழிவறைக்கு எழுந்து போகிறார்கள் என்றார். அது நீர் மாத்திரை. ஃபியூரோசமைடு போன்ற மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரமாவது சிறுநீரைப் பிரிக்கும். இரண்டாம் வேளை மாத்திரையை வசதிக்காக இரவு உணவோடு சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறோம். டாக்டரிடம் கேட்டு அதைப் பிற்பகல் 2 மணிக்கு மாற்றினோம். (டாக்டரைக் கேட்காமல் நேரத்தையோ அளவையோ ஒருபோதும் தொடக் கூடாது.) கூடவே, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பிரஷர் பார்க்கத் தொடங்கினோம். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் எழுந்ததும் தலைசுற்றும் ஆபத்து உண்டு. அவரைத் தனியே எழ விடக் கூடாது. பல ஆண்டுகளாக இரவில் விழித்திருக்கும் அந்த ஆயாவை அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் கூட்டங்கள் எல்லாம் காலை 11 மணிக்கு நடந்தன. அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மாற்றத்தை முதலில் ஒருவரிடம் செய்து பார்த்தோம், பிறகு மூவரிடம், பிறகு அந்த மாடி முழுவதும். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற இந்தச் சுழற்சி வால்டர் ஷூஹார்ட், எட்வர்ட்ஸ் டெமிங் என்ற இரு அமெரிக்கர்கள் வழியாகத் தொழிற்சாலைகளில் பிறந்து மருத்துவத்துக்கு வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து எல்லா மாடியிலும் என்று சுற்றறிக்கை விடுவது இதற்கு நேர் எதிர். ஒரே காலாண்டில் வீழ்ச்சி, படுக்கைப் புண், உணவு, கைகழுவுதல் என்று ஐந்தாறைத் தொடங்கினாலும் எதுவும் உருப்படாது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60 பேர் தங்கியிருந்த மாதத்தில் 9 வீழ்ச்சி, 72 பேர் இருந்த அடுத்த மாதத்தில் 10 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் கூடியதுபோல் இருக்கும். தங்கிய நாட்களால் (மாதத்துக்கு 30 நாள் என்று ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கி) வகுத்துப் பாருங்கள்: முதல் மாதம் 1,800 நாட்கள், ஆயிரம் நாளுக்கு 5 வீழ்ச்சி, அடுத்த மாதம் 2,160 நாட்கள், 4.6 வீழ்ச்சி. அதற்காக உடனே இனிப்பு வழங்கிவிடவும் கூடாது. வாராவாரம் புள்ளி வைத்து, பாதிப் புள்ளிகள் மேலும் பாதி கீழும் வரும்படி நடுவில் இடைநிலைக் கோடு போட்டு, தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்குக் கீழேயே விழுந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம்.

கடைசியாக, என் மனதை இன்றும் அறுக்கும் தவறு. வீழ்ச்சியைக் குறைக்கச் சுலபமான வழி, யாரையும் நடக்க விடாமல் இருப்பது. கட்டில் கம்பியை ஏற்றிவிடலாம், சக்கர நாற்காலியில் துணியால் கட்டலாம், ‘உட்காருங்கள் அம்மா, நான் எடுத்துத் தருகிறேன்’ என்று அன்போடும் முடக்கலாம். எண் இறங்கும். காலில் தசையும் கூடவே கரையும். கம்பியைத் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியவரைக் கட்டி வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1987இலேயே சட்டம் போட்டார்கள்.

எங்களிடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தினமும் காலையில் வாக்கரோடு தோட்டத்துக்குப் போய் நான்கு மல்லிகை மொட்டுகளைப் பறித்து வருவார். ஒரு முறை தடுமாறினார் என்பதற்காகப் பாதுகாப்பு கருதிச் சக்கர நாற்காலி கொடுத்தோம். பூவையும் நாங்களே பறித்துக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில், பிடித்துத் தூக்காமல் அவரால் எழ முடியவில்லை. அந்த மாதத்து அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே ‘வீழ்ச்சி இல்லை’ என்று நான்தான் எழுதினேன்.

அதன் பிறகு வீழ்ச்சிப் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்த்தோம்: இன்று யார் யார் சாப்பாட்டு அறைக்கு நடந்து வந்தார்கள்? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இப்போது பார்க்கிறோம். ஆசிரியைக்கு இயன்முறை சிகிச்சையாளர் வந்தார். காலை ஏழு மணிக்கு ஓர் ஆயா அவர் இடுப்புப் பக்கமாகக் கை வைத்தபடி கூட நடந்தார். முதல் வாரம் கதவு வரை. செடி வரை போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று.